எழவுக்கும் ஒரு முன்வரிசை

வாடா தம்பி, குந்து. அந்த செல்போனைத் திண்ணையில கவுத்து வை. எங்கயும் ஓடிப்போயிடாது.

வருசக் கடைசி வந்தாப் போதும், ஒங்காளுங்களுக்கு ஒரு வேலை வந்துடுது. இந்த வருசம் செத்தவங்க யார் யாருன்னு பட்டியல் போடுறது. டிவியில பார்க்குறேனே. பின்னால வயலினு ஒண்ணு ஙொய்யின்னு இழுக்குது. மூஞ்சி ஒண்ணொண்ணா வருது, மங்குது. தலைவர் வந்தா நின்னு நிதானமாப் போறாரு. நடிகை வந்தா அதைவிட நிதானம். கதை எழுதுனவரு வந்தா, நான் மூக்குக்கண்ணாடியைத் தொடைச்சு மாட்டுறதுக்குள்ள ஆளைக் காணோம். நெல்லு வெதைச்சவரு வரவே இல்லை. ஏன்டா, எமன் வூட்டு வாசல்லயும் முன்வரிசைக்கு டோக்கன் குடுக்குறாங்களா?

பட்டியல் போடுறது தப்புன்னு சொல்ல வரலை. செத்தவங்களை நெனைக்கிறது நமக்குப் புதுசா? அமாவாசைக்கு அமாவாசை எள்ளும் தண்ணியும் எறைக்கிற சனம்தானே நாம. நீங்க நெனைக்கிற லட்சணம் இருக்கே, அதைத்தான் கேக்குறேன்.

2018-ஐ எடுத்துக்க. எமனுக்கு எல்லா இலாகாவுலயும் சோலி இருந்த வருசம் அது. சினிமா, அரசியல், விஞ்ஞானம், எழுத்து, கூத்து, கல்வெட்டு, வைத்தியம், வெவசாயம். ஒண்ணையும் விட்டு வைக்கலை. ஒவ்வொரு சாவுக்கும் நீங்க பண்ணுன கூத்தை எண்ணிப் பார்த்தா, செத்தவங்களே எழுந்து வந்து சிரிச்சுட்டுப் போயிருப்பாங்க.

மொதல்ல ஒங்க அவசரம். ஆகஸ்டுல நம்ம திருக்குவளைக்காரரு, கலைஞரு, காவேரி ஆஸ்பத்திரியில படுத்துருந்தாரு. 94 வயசு. உள்ள டாக்டருங்க பார்த்துக்கிட்டு இருக்காங்க. வெளியில நீங்க வாட்ஸ்அப்புல அவரை எத்தனை தரம் கொன்னீங்க? காலையில ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்ன ஒரு தரம். அவரு ஆகஸ்டு 7 சாயங்காலந்தான் போனாரு. அடுத்து டெல்லியில வாஜ்பாயி. அவருக்கு 93. ஆகஸ்டு 16 அன்னிக்கு ஒரு கவர்னரே முந்திக்கிட்டு இரங்கல் போட்டுட்டாரு. ஆளு இன்னும் இருக்காருன்னு தெரிஞ்சதும் மன்னிப்புக் கேட்டாரு. கவர்னரே இப்படின்னா நீ என்ன பண்ணுவே, பாவம்! பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு கேள்விப்பட்டிருக்கேன். எழவுக்கு முந்துன்னு எந்தக் கெழவனும் சொல்லலையேடா. முந்திக்கிட்டா என்ன குடுக்குறாங்க? சொத்துல பங்கா?

அந்த ஆகஸ்டைப் பத்தி ஒங்க கூட்டத்துக்கு ஒரு பயம் வேற. கலைஞரு 7-ஆம் தேதி. நோபல் வாங்குன நைப்பாலு 11. நாடாளுமன்றத்துல சபாநாயகரா இருந்த சோம்நாத் சட்டர்ஜி 13. கிரிக்கெட்டு வடேகரு 15. வாஜ்பாயி 16. ஐநா சபை கோஃபி அன்னான் 18. உடனே ஒருத்தன் கெளம்பிட்டான். "ஆகஸ்டு ஆகாத மாசம், பெரிய மனுசங்களைக் குறி வச்சுத் தூக்குது"ன்னு. ஆடி முடிஞ்சு ஆவணி பொறக்குற நேரமாம், ஏதோ கிரகமாம். வயசைக் கேட்டியாடா? 94, 85, 89, 77, 93, 80. இதுக்கு எதுக்குக் கிரகம்? நம்மூருல இந்த வயசுல ஒருத்தர் போனா அதுக்குப் பேரு கல்யாணச் சாவு. பறை அடிச்சு, பேரப்புள்ளைங்க நெய்ப்பந்தம் புடிச்சு, பூப்பல்லக்குல கொண்டுபோவோம். நீ என்னடான்னா "திடீர் மறைவு, நெஞ்சு தாங்கலை"ங்குறே. 93 வயசுல ஒருத்தர் போனது ஒனக்குத் திடீர்னா, எத்தனை வயசுல போனா மொறையாப் போன மாதிரி?

கலைஞரு விசயத்துல ஒண்ணு மட்டும் எனக்குப் புடிச்சுது. 13 தடவை சட்டசபைக்கு நின்னு 13 தடவையும் ஜெயிச்ச மனுசன். செத்தப்புறம் அடக்கம் பண்ண மெரினாவுல இடம் இல்லைன்னாங்க. ராத்திரியோட ராத்திரியா கோர்ட்டு கூடுச்சு. விடிஞ்சதும் தீர்ப்பு. அங்கயும் ஜெயிச்சுட்டாருல்ல! சரி, அவரைப் பார்க்க ராஜாஜி ஹாலுக்குப் போன கூட்ட நெரிசல்ல 2 பேரு செத்தாங்களே, ஞாபகம் இருக்கா? அவங்க பேரு எந்தப் பட்டியல்ல இருக்கு? அதே வருசம் மே மாசம் தூத்துக்குடியில போலீசு துப்பாக்கியால சுட்டு 13 பேரு செத்தாங்க. ஆகஸ்டு வெள்ளத்துல கேரளாவுல 400 பேருக்கு மேல போனாங்க. அவங்களுக்கு வயலினு வாசிக்க ஆளு வரலை. போகட்டும், அதைப் பேசுனா எனக்குக் கோவம் வந்துடும். கோவம் வந்தா வெத்தலை இனிக்காது.

துபாய்க்கு வா. சிவகாசிப் பக்கம் மீனம்பட்டியில பொறந்த பொண்ணு ஸ்ரீதேவி. பால் மணம் மாறாத வயசுல 1969-ல துணைவன் படத்துல முருகனா நின்னுச்சு. 1977-ல பதினாறு வயதினிலே படத்துல மயிலா வந்து ஒங்க தாத்தனுங்க தூக்கத்தைக் கெடுத்துச்சு. அஞ்சு மொழியில நடிச்சுது. அது 54 வயசுல, பிப்ரவரி 24 அன்னிக்கு, ஓட்டல் ரூம்புக் குளியல் தொட்டியில தவறிப் போச்சு. அதுதான் நெஞ்சு பதைக்கிற சாவு. ஒங்க டிவிக்காரனுங்க என்ன பண்ணுனானுங்க? தொட்டியைப் புடிச்சுக்கிட்டானுங்க! தொட்டி என்ன நீளம், என்ன ஆழம், தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு. ஒரு செய்தியாளரு தானே தொட்டிக்குள்ள எறங்கிப் படுத்துக் காட்டுனாரு. படுத்தவரு அப்படியே கொஞ்சம் தேச்சுக் குளிச்சுட்டு வந்திருந்தாலாவது ஒரு புண்ணியம். ஒரு பொண்ணு அம்பது வருசம் ஒழைச்ச ஒழைப்பு ஒரு பக்கம், ஒரு தொட்டி ஒரு பக்கம். தராசுல நீங்க தொட்டியைத்தான் தூக்கி வச்சீங்க.

மார்ச்சுல இங்கிலாந்து கேம்பிரிட்ஜுல ஹாக்கிங்னு ஒரு விஞ்ஞானி. 21 வயசுல நரம்பு நோய் வந்து, இன்னும் ரெண்டு வருசந்தான்னு டாக்டருங்க கணக்கு முடிச்சுட்டாங்க. அவரு 76 வரைக்கும் நாற்காலியில ஒக்காந்துக்கிட்டே அண்டத்தைக் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தாரு. சொன்ன டாக்டருங்கள்ல பாதிப் பேரு அவருக்கு முன்னயே போயிருப்பாங்க. இதுல ஆச்சரியப்பட எவ்ளோ இருக்கு! ஒங்களுக்கு எது ஆச்சரியமா இருந்துச்சு? அவரு பொறந்தது 1942 ஜனவரி 8, கலிலியோ செத்து சரியா 300-ஆவது வருசம். செத்தது மார்ச்சு 14, ஐன்ஸ்டீன் பொறந்த நாளு. "இது தற்செயல் இல்லை, இயற்கையின் திட்டம்"னு ஒருத்தன் எனக்கே அனுப்புனான். அட கூறுகெட்டவனே! வருசத்துக்கு இருக்குறதே 365 நாளு. எவனாவது ஒரு பெரியவன் செத்த நாள்லதான் எவனும் பொறந்தாகணும். இதை ஹாக்கிங்கே சொல்லிச் சிரிச்சவரு. அன்னிக்கு ஒலகத்துல இன்னும் ரெண்டு லட்சம் புள்ளைங்க பொறந்திருக்கும்னு கணக்குப் போட்டவரு. அந்த ரெண்டு லட்சத்துல ஒண்ணு நம்மூருலயும் பொறந்திருக்கும். கடைசி வரைக்கும் மாடு மேய்ச்சிருக்கும். அதுக்கு ஏது திட்டம்?

அதுகூடப் பரவாயில்லை. சொர்க்கம்ங்குறது இருட்டுக்குப் பயந்தவங்க கட்டுன கதைன்னு பட்டவர்த்தனமாச் சொன்ன மனுசன் அவரு. அவரு சொர்க்கத்துல ஐன்ஸ்டீன் தோள்மேல கை போட்டுக்கிட்டு நடக்குறாருன்னு படம் வரைஞ்சு அனுப்புறான். நம்ம ஈரோட்டுப் பெரியாரு பள்ளிக்கூடத்துல நாத்திகம் படிச்ச கலைஞருக்கு "ஆன்மா இறைவனடி சேரட்டும்"னு எழுதுறான். ஆளு என்ன நம்புனாருன்னு கூடத் தெரியாம அழுவுறீங்களே, இது யாருக்காக அழுவுற அழுகை? இருக்குறப்ப ஒரு வாய்க் கஞ்சி ஊத்தாதவன்தான் வாய்க்கரிசிக்கு மொத ஆளா நிப்பான்னு எங்க ஆத்தா சொல்லும்.

அப்புறம் அந்த வாக்கியம். "ஈடு செய்ய முடியாத இழப்பு." யாரு செத்தாலும் அதேதான். அச்சுல வார்த்து அடுக்கி வச்சிருக்கீங்களா? மே 15 எழுத்தாளரு பாலகுமாரன் போனாரு. நீயும் ஈடு செய்ய முடியாததுன்னு போட்டே. சரி தம்பி, அவரு புத்தகம் ஒண்ணு சொல்லு பார்ப்போம். திருதிருன்னு முழிக்கிறியே! பாட்ஷா படத்து வசனத்தை ஆட்டோ ஓட்டுறவர்லேர்ந்து அமைச்சரு வரைக்கும் சொல்றாங்க. நீயும் கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பார்த்தவன்தான், எனக்குத் தெரியும். அதை எழுதுன கை அவரோடது. நாயகன் வசனமும் அவரோடது. இழப்பு ஈடு செய்ய முடியாததாம். என்னத்தை இழந்தோம்னே தெரியலை.

புதுச்சேரியில பிரபஞ்சன். டிசம்பரு 21. ஆனந்தரங்கம் பிள்ளை நாட்குறிப்பை வச்சுக்கிட்டு அந்தக் காலத்துப் புதுச்சேரியையே நாவலாக் கட்டி எழுப்புனவரு. வானம் வசப்படும், 1995-ல சாகித்ய அகாதமி. எழுத்தையே நம்பிப் பொழைச்ச மனுசனுக்கு ஒங்க தமிழ்நாட்டுல என்ன சொகம் கெடைக்கும்னு நான் சொல்லணுமா? ஆனா புதுச்சேரி அரசாங்கம் அரசு மரியாதையோட அனுப்பி வச்சுது. ஒரு எழுத்தாளனுக்குத் துப்பாக்கி மரியாதை. அதைக் கேட்டப்ப மட்டும் நான் துண்டை இடுப்புல கட்டுனேன். குட்டி ஊரு, பெரிய புத்தி.

நம்ம மாயவரம் பக்கம் புஞ்சையில பொறந்தவரு ந. முத்துசாமி. மெட்ராசுல 1977-ல கூத்துப்பட்டறைன்னு ஒண்ணு ஆரம்பிச்சாரு. தெருக்கூத்தை, "அது படிக்காதவன் பார்க்குறது"ன்னு பட்டணத்துக்காரன் மூக்கைச் சுளிச்ச காலம் அது. இவரு அதைப் போயி உத்துப் பார்த்து, அதுலதான்டா நடிப்பு இருக்குன்னாரு. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம், விமல், விதார்த் எல்லாம் அங்க தேறுனவங்க. ஒங்க விஜய் சேதுபதி அங்க கணக்கு எழுதப் போயி நடிப்பைப் பார்த்துக்கிட்டு நின்னவரு. நீ பாலாபிஷேகம் பண்ணுற கட்டவுட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுனவரு அக்டோபர் 24 போனாரு. அன்னிக்கு நீ என்ன ஸ்டேட்டஸ் வச்சே? அதான், ஒண்ணுமில்லை.

இப்ப நான் சொல்லப் போறதைக் கொஞ்சம் காது குடுத்துக் கேளு. நீ கீழடி கீழடின்னு சட்டையில அச்சடிச்சுப் போட்டுக்கிட்டுத் திரியிறியே, நல்லதுதான். மூத்த குடின்னு மீசை முறுக்குறே, அதுவும் நல்லதுதான். ஐராவதம் மகாதேவன்னு ஒருத்தர் இருந்தாரு, தெரியுமா? 1954-ல ஐஏஎஸ் ஆனவரு. கோப்புல கையெழுத்துப் போட்டுட்டு, ஜீப்புல வூட்டுக்குப் போயி, காலை நீட்டிக்கிட்டு இருந்திருக்கலாம். எத்தனை பேரு அப்படித்தானே இருந்துட்டுப் போனாங்க! இவரு மலை ஏறினாரு. சமண முனிவங்க படுத்த குகையில குனிஞ்சு நொழைஞ்சாரு. கல்லுல வெட்டியிருந்த பழந்தமிழ் எழுத்தைக் காகிதத்துல படி எடுத்தாரு. ஒவ்வொரு எழுத்தா, ஒவ்வொரு புள்ளியா, சரியான்னு பார்த்தாரு. கரூருப் பக்கம் புகளூர்ல சேர ராசாக்கள் பேரை அடையாளம் காட்டுனாரு. மதுரைக்கு அந்தாண்ட மாங்குளத்துல நெடுஞ்செழியன் பேரை வாசிச்சாரு. அதுவரைக்கும் சங்கப் பாட்டுல மட்டும் இருந்த ராசாக்கள் அப்புறம் கல்லுலயும் இருந்தாங்க. 1960-கள்ல தொட்ட வேலை, 2003-லதான் பெரிய புத்தகமா வந்துச்சு. நடுவுல சிந்துவெளி முத்திரையில இருக்குற குறியை எல்லாம் வரிசைப்படுத்தி 1977-ல ஒரு தொகுப்பு. நாலு வருசம் தினமணிக்கு ஆசிரியரு வேற.

இதுல வேடிக்கை என்ன தெரியுமா? அவ்ளோ வருசம் அதுலயே கெடந்த மனுசன், சிந்துவெளி எழுத்தை முழுசாப் படிச்சுட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்லை. நீங்க வாட்ஸ்அப்புல வாரா வாரம் படிச்சு முடிச்சுடுறீங்க. தெரிஞ்சவனுக்கு வாயி சின்னது, தெரியாதவனுக்குத் தொண்டை பெருசு. அவரு நவம்பரு 26 போனாரு, 88 வயசு. அந்த வாரம் நீங்க எங்க இருந்தீங்கன்னு சொல்லவா? 29-ஆம் தேதி 2.0 படம் வருதுன்னு டிக்கெட்டுக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்தீங்க. செல்போனு எல்லாம் பறந்து போற படம். மூத்த குடிக்கு முகவரி எழுதிக் குடுத்தவரு பாட்டுக்குப் போயிட்டாரு. மீசை மட்டும் முறுக்குனபடியே இருக்கு.

அந்த டிசம்பர்லயே பழைய வண்ணாரப்பேட்டையில டாக்டரு ஜெயச்சந்திரன். 1971-ல வைத்தியம் பார்க்க ஒக்காந்தப்ப ரெண்டு ரூவா. அப்புறம் அஞ்சு ரூவா. வெலைவாசி ஏறுச்சு, பெட்ரோலு ஏறுச்சு, டீ கூட ஏறிப்போச்சு. அவரு பீசு அதுக்கு மேல ஏறலை. 2017 தீவாளிக்கு மெர்சல் படம் வந்துச்சுல்ல, அதுல அஞ்சு ரூவா டாக்டரு வந்தப்ப விசில் அடிச்சுத் தொண்டை கட்டிக்கிச்சே ஒனக்கு. நெசமான அஞ்சு ரூவா டாக்டரு அன்னிக்கு வடசென்னையில உசுரோட நாடி புடிச்சுக்கிட்டு இருந்தாரு. போயி ஒரு கும்புடு போட்டியா? தியேட்டருக்கு நீ குடுத்த காசுல அவருகிட்ட ஒரு தெருவே வைத்தியம் பார்த்திருக்கும். 2018 டிசம்பரு 19 அன்னிக்கு அவரு போனாரு. மீன்காரம்மாக்களும் ரிக்‌ஷா ஓட்டுனவங்களும் அந்தத் தெருவுல நின்னு அழுதாங்க. அவங்க யாருக்கும் "ஈடு செய்ய முடியாத"ன்னு பேசத் தெரியாது. நாளைக்குக் காய்ச்சல் வந்தா எங்க போறதுன்னு தெரியாம அழுதாங்க. அந்த அழுகைக்கு அர்த்தம் இருக்கு.

மிச்சம் இருக்குறது நம்மாளு. கட்டிமேடு ஜெயராமன், நெல் ஜெயராமன்னாத்தான் ஒனக்குத் தெரியும். இயற்கை வெவசாயம் பேசுன நம்மாழ்வாரு வச்ச பேரு அது. 2003-ல நம்மாழ்வாரோட பூம்புகார்லேர்ந்து கல்லணை வரைக்கும் நடந்தாரு. வழியில சம்சாரிங்க மடியில முடிஞ்சு வச்சிருந்த பழைய நெல்லை எடுத்துக் குடுத்தாங்க. அதைப் புடிச்சுக்கிட்டாரு மனுசன். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம், பூங்காரு, கருங்குறுவை, கருடன் சம்பா. ஆனை பூந்தாலும் வெளியில தெரியாத ஒசரம் வளருமே, அந்தக் காட்டுயானத்தை எங்க அப்பாரு காலத்துல வெதைச்சோம். அப்புறம் நாங்களே தொலைச்சோம். உரக்காரன் வந்து "ஐயா, ஏக்கருக்கு இத்தனை மூட்டை"ன்னு சொன்னான், பத்தாயத்துல இருந்த வெதையை எல்லாம் அவிச்சுத் தின்னுட்டு அவன் பின்னால போனோம். ஜெயராமன் ஒவ்வொண்ணாத் தேடி எடுத்து 170 ரகத்துக்குப் பக்கம் சேர்த்துட்டாரு.

சேர்த்து என்ன பண்ணுனாரு? கண்ணாடிப் பெட்டியில வச்சு டிக்கெட்டு போட்டாரா? 2006-லேர்ந்து ஆதிரங்கத்துல வருசா வருசம் நெல் திருவிழா. வர்ற சம்சாரிக்கு 2 கிலோ வெதை சும்மா குடுப்பாரு. அடுத்த வருசம் 4 கிலோவாத் திருப்பிக் கொண்டாரணும். அவ்ளோதான் ஒப்பந்தம். பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, ஆதாரு காப்பி இல்லை. அந்த 4 கிலோ ரெண்டு பேருக்குப் போகும். இந்தக் கணக்குக்கு எந்தக் காலேஜுல போயிப் படிக்கணும்?

2018 நவம்பரு 16 கஜா புயல் அடிச்சுது. வேதாரண்யத்துலேர்ந்து பட்டுக்கோட்டை வரைக்கும் தென்னை எல்லாம் வேரோட சாஞ்சு கெடந்துச்சு. நாங்க கூரையைத் தேடிக்கிட்டு இருந்தோம். மூணு வாரத்துக்குள்ள, டிசம்பரு 6, ஜெயராமனைப் புத்துநோய் கொண்டுக்கிட்டுப் போயிடுச்சு. அது கல்யாணச் சாவு இல்லைடா தம்பி. போற வயசே இல்லை. அதுக்குத்தான் நெஞ்சு தாங்கலைன்னு எழுதியிருக்கணும் நீ.

இப்ப அந்த மாப்பிள்ளைச் சம்பா பட்டணத்துக் கடையில பளபளன்னு பையில தொங்குது. பையில ஏர் படம், மாட்டுப் படம், தலைப்பாக் கட்டுன சம்சாரி படம். நீயும் அரைக் கிலோ வாங்கி, பொங்கி, ஆறவிட்டு, போட்டோ புடிச்சு, "வேர்களைத் தேடி"ன்னு போட்டுட்டு, ராத்திரி பரோட்டாவுக்குப் போயிட்டே. நான் பார்த்தேன்.

சரி, நீயும் பட்டியல் போடணும்னு துடிக்கிறே, போட்டுக்க. ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போடு: ஒன் வூட்டுல அவங்களோடது என்ன இருக்கு? புத்தகமா, பாட்டா, வெதையா, கத்துக்கிட்ட ஒரு வார்த்தையா? ஒண்ணுமே இல்லைன்னா, தெரியாதவங்க வூட்டு எழவுல ஒனக்கென்ன முன்வரிசை? ஓரமா நின்னு, கையைக் கட்டிக்கிட்டு, ஒரு நிமிசம் இருந்துட்டு வா. அது போதும்.

ஜெயராமன் போனாலும் அந்தத் திருவிழா நிக்கலை. வெயில் காலத்துல திருத்துறைப்பூண்டியில கூடுறாங்க. ஒங்க அப்பனுக்கு வாய்க்கா ஓரத்துல தரிசாக் கெடக்குற துண்டு நெலம் ஒண்ணு இருக்குல்ல? போயி ஒரு 2 கிலோ பூங்காரு வாங்கிட்டு வா. 4 கிலோ திருப்பிக் குடுக்கணும், மறந்துடாதே. வர்ற வழியில போட்டோ புடிக்கிறதுன்னா புடிச்சுக்க, வேணாங்கலை. பொங்கித் தின்னுப்புடாதே. அது வெதை நெல்லு.